‘எபோக்’ என்பதற்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நிரலன்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில் இரவு வானத்தைக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளி இரவோடு சரங்களை, அதாவது மொழிபெயர்க்க வேண்டிய வரிகளை, மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். மற்றதெல்லாம் முடிந்தது, ‘எபோக்’ (epoch), அதாவது காலக்கணக்குக்கு அடிப்படையாகக் குறித்துவைக்கும் கணம், மட்டும் நிற்கிறது. அது இரண்டு இடங்களில் வருகிறது. விண்மீனின் இருப்பிடத்துக்குப் பக்கத்தில் ‘எபோக் ஜே2000.0’ என்று ஒன்று. கணினிக் கடிகாரம் எபோக்குக்குத் திரும்பிவிட்டது, சரிபார்க்கவும் என்ற எச்சரிக்கையில் இன்னொன்று.

இரண்டாவதுதான் அதிகம் கண்ணில் படும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பழையதாகிவிடும். பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று அடம்பிடிக்கும். ஆள்கள் இன்டர்நெட்காரரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். நம் மென்பொருளில் வியாழன் வேறு ராசியில் நிற்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் கிடைத்தால் நல்லது.

வாத்தியார்:

தம்பி நிரலன், யாராவது ‘சகாப்தம்’ என்று போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது சகமும் அப்தமும் சேர்ந்தது, கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கு. ஒரு கணக்கின் பெயரை எல்லாக் கணக்குக்கும் வைப்பானேன்? ‘ஊழி’யும் ஆகாது. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்கித்தான் ஊழிகளின் நீளத்தைச் சொல்ல முடிகிறது. நமக்கு வேண்டியது நீளம் அல்ல, ஒரு புள்ளி.

என் பரிந்துரை ‘முதற்பொழுது’. ‘முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு’ என்று தொல்காப்பியரே இடத்தையும் காலத்தையும் ‘முதல்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார். வானியலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூலவேர்:

எல்லோரும் கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டீர்கள். எபோக் என்பதே நம் ‘எப்போ’! எ + போழ்து = எப்போழ்து; அது எப்போது, எப்போ என்று தேய்ந்து, கடல் கடந்து ககர மெய் ஏற்றது. ‘எப்போகு’ என்றே எழுதலாம், வேர் வெளிப்படும். போழ்து என்பதே ‘போழ்’, அதாவது பிள, என்பதிலிருந்து வந்தது. காலத்தைப் பிளக்கும் புள்ளி. விரிவான கட்டுரை தயாராகிறது. புறநானூற்றின் ‘செஞ்ஞாயிற்றுச் செலவும்’ பாட்டோடு பொருத்திக் காட்டுவேன்.

விண்மீனாள்:

அந்தப் பாட்டு வராமல் நம் குழுவில் வானியல் இழை ஒன்று முடிந்ததில்லை, சரி, வந்தாயிற்று. கிரேக்கத்தில் எபோக்கே என்றால் நிறுத்தம், நிறுத்திப் பிடித்தல். ‘எப்போ’வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாத்தியார் ஐயா, ‘முதல்’ அழகுதான், ஆனால் ஜே2000.0 எதற்கும் முதல் இல்லையே. பூமியின் அச்சு பம்பரம்போலத் தலைசுற்றுவதால் விண்மீன்களின் ஆயங்கள், அதாவது இருப்பிடத்தைக் குறிக்கும் எண்கள், ஆண்டுக்குச் சுமார் 50 விகலை (3,600 விகலை ஒரு பாகை) நகர்கின்றன. 72 ஆண்டில் ஒரு பாகை. ஆகவே, இன்ன கணத்தில் இந்த விண்மீன் இங்கே என்று சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்தக் கணம் 2000 ஜனவரி 1 நண்பகல். முன்பு 1950ஐ வைத்திருந்தார்கள், நாளை வேறொன்றை வைப்பார்கள். அங்கே எதுவும் பிறக்கவில்லை, எந்த எண்ணிக்கையும் தொடங்கவில்லை. பிடித்து நிறுத்திய ஒரு கணம், அவ்வளவுதான். நான் ‘நிலைப்பொழுது’ என்பேன்.

பஞ்சாங்கம்:

ஏதோ புதுப்பொருளுக்குப் பெயர் தேடுவதுபோலப் பேசுகிறீர்கள். கலியுகாதி, கி.மு. 3102 பிப்ரவரி, நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர் கையில் இருந்த எபோக்தானே? அவர் அதை எப்படிக் கையாண்டார் என்பது சுவையானது. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களில் ஒளித்துவைத்த மனப்பாடமான வாக்கியங்களை வைத்துக்கொண்டு, ஜான் வாரன் என்ற அதிகாரிக்குச் சந்திரகிரகணம் கணித்துக் காட்டினார். எழுத்து, ஏடு எதுவும் இல்லை. மே 31 இரவின் கிரகணம் அது. தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூலவேர் அதை வேறு எங்கோ கொண்டுபோவார்.

கலி தொடங்கியதிலிருந்து எண்ணினால் அப்போது நாட்கணக்கு ஏறக்குறைய பதினெட்டு லட்சம். அதை வைத்துக்கொண்டு சோழி உருட்ட முடியாது. அதனால் 16,00,984 நாளை முதலில் மொத்தமாகக் கழித்துவிடுவார்; ஏறக்குறைய கி.பி. 1282 வரை வந்துவிடும். மீதியிலிருந்து 12,372, பிறகு 3,031, கடைசியில் 248 என்று கழித்துக்கொண்டே போவார். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து மறுபடி அருகில் வரும் சுற்று ஒன்பது முறை நடக்க 248 நாள். கையில் மிஞ்சுவது சின்ன எண். அதற்கு ஒரு வாக்கியம். அந்தப் பெரிய கழிவெண்ணுக்கு அவர் சொன்ன பெயர் ‘வேதம்’. ஆகவே எபோக் = வேதம். மரபில் இருக்கும் சொல்.

வாத்தியார்:

இந்தக் குழுவில் ‘வேதம்’ என்று ஒரு கலைச்சொல்லை முன்மொழிந்துவிட்டு வெள்ளிக்குள் முடிவு வேண்டும் என்கிறீர்களா? அடுத்த பொங்கல் வரை ஓடும்.

நிரலன்:

ஐயா சொல்வது சரி, தயவுசெய்து வேண்டாம். ஆனால் பஞ்சாங்கம் சொன்ன கழித்தல் எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. வானியலாளரின் ஜூலியன் நாட்கணக்கு கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலில் தொடங்குகிறது. ஐரோப்பியக் காலக்கணக்கில் வழங்கிய 28, 19, 15 ஆண்டுச் சுழற்சிகள் மூன்றும் ஒன்றாய்த் தொடங்கும் ஆண்டு என்று 16ஆம் நூற்றாண்டில் ஸ்காலிஜர் என்ற அறிஞர் பிடித்தது. 1957இல் ஸ்புட்னிக்கைப் பின்தொடர்ந்த ஸ்மித்சோனியன் வானாய்வகத்துக்கு ஐபிஎம் 704 கணினியில் அவ்வளவு பெரிய எண் தொல்லையாக இருந்தது. 24,00,000.5ஐக் கழித்துவிட்டார்கள். ஸ்புட்னிக் ஏவிய நாள் வெறும் 36,115 ஆனது. புதுத் தொடக்கம் 1858 நவம்பர் 17. பின்னால் வந்த வி.எம்.எஸ். இயங்குதளமும் அந்த நாளையே எடுத்துக்கொண்டது. சோழிக்காரருக்கும் ஐபிஎம்முக்கும் ஒரே தொல்லை, ஒரே மருந்து.

யாழ்வாசி:

இழை ருசியாகத்தான் போகுது. ஆனால் ஒரு கேள்வி. எழுபது வயது அம்மா ஒருவர் கணினியைத் திறக்கிறார், ‘கடிகாரம் நிலைப்பொழுதுக்குத் திரும்பிவிட்டது’ என்று வருகிறது. அவருக்கு என்ன விளங்கும்? முதற்பொழுது என்றால் விடியற்காலை என்றுதான் நினைப்பார். மேலும், பட்டன் செல் தீர்ந்த கணினி அநேகமாக யூனிக்ஸ் இயங்குதளத்தின் எபோக்கான 1970க்குப் போவதே இல்லை, மதர்போர்ட் செய்தவர் உள்ளே எழுதி வைத்த தேதிக்குத்தான் போகும். மூல வாசகமே தளர்வாக எழுதியது. அதற்கு நாம் ஏன் தூய தமிழ் தேடுகிறோம்? ‘கணினியின் தேதி மிகப் பழையதாக உள்ளது. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கலாம்’ என்று எழுதிவிடுங்கோ.

மூலவேர்:

இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொடுத்தோம். இன்று பேட்டரி, நாளை?

யாழ்வாசி:

நாளையும் பேட்டரிதான். கடையில் போய் மின்கலம் என்று கேட்டுப் பாருங்கோ.

விண்மீனாள்:

யாழ்வாசி அண்ணன் பக்கம் நான். எச்சரிக்கையில் கலைச்சொல் வேண்டாம். ஆயங்களுக்குப் பக்கத்தில் மட்டும் நிலைப்பொழுது. அங்கே வருபவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தேடுவார்.

பஞ்சாங்கம்:

அப்படியானால் 1970 ஜனவரி 1 என்ற யூனிக்ஸ் கணக்கின் தொடக்கத்துக்கு? அது உண்மையிலேயே தொடக்கம். இந்தியாவில் காலை 5:30 என்று காட்டும், அமெரிக்காவில் முந்தின நாள் என்று காட்டும், அந்த எழவு. அதை நிலைப்பொழுது என்றால் தவறு. தொடக்கம் என்றால் சொல் இரண்டாகிறது. ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று நாம் எப்போதோ முடிவு செய்தோமே?

நிரலன்:

எண்ணிப் பார்த்தேன். நிலைப்பொழுதுக்கு நால்வர், முதற்பொழுதுக்கு வாத்தியார் ஐயா மட்டும், எப்போகுவுக்கு மூலவேர், வேதத்துக்கு ஒருவர் (அவரே நிலைப்பொழுதுக்கும் கை தூக்கியிருக்கிறார்). எச்சரிக்கையை யாழ்வாசி சொன்னபடி எழுதிவிட்டேன். கோப்பை இப்போதே ஏற்றுகிறேன். யூனிக்ஸ் தொடக்கம் இந்த மென்பொருளில் வரவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்.

வாத்தியார்:

ஏற்றுங்கள். ஆனால் ‘நிலை’ என்பது இடத்துக்குரிய சொல், பொழுதோடு ஒட்டாது என்ற என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். இன்னொன்று: நிலைப்பொழுதா, நிலைபொழுதா? வேற்றுமைத் தொகையா, வினைத்தொகையா என்று பாராமல் ப் போட்டிருக்கிறீர்கள்.

மூலவேர்:

ஆகா, அதைப்பற்றி நான் எழுதுகிறேன்.