பால் பைத்தன் குட்டிக்குச் சப்பாத்துப் பெட்டிதான் வேண்டுமா?

ஸ்காபரோ_சிவா:
நேற்று இங்கே வினோ என்ற தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். முதன்முதலாக பால் பைத்தன் என்கிற சின்ன மலைப்பாம்பின் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார், எட்டு நாளாக இரை எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று. அதற்குத் தீபன் எழுதிய பதில் இது: "பெட்டி பெரிது. சப்பாத்துப் பெட்டி அளவுக்கு மாற்று, தின்னும்." ஒரே வரி. சூடு எவ்வளவு, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, குட்டி எத்தனை கிராம், ஒன்றுமே கேட்கவில்லை.

பதினொரு வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன். இந்தச் சப்பாத்துப் பெட்டிக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இது மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. கானா, டோகோ, பெனின் பக்கம் கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் பகலில் கிடக்கும், சரி. இரவில் வெளியே வந்து அலையும். தென்கிழக்கு நைஜீரியாவில் நடந்த ஆய்வு ஒன்று 1998 இல் வெளிவந்தது. அதில் 70 சென்டிமீற்றருக்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையே தின்றிருந்தன. மரம் ஏறாமல் பறவை எப்படிக் கிடைக்கும்? ஏறித் திரிகிற ஒரு குட்டியைச் சப்பாத்துப் பெட்டியில் அடைக்கச் சொல்வது எந்த நியாயம்?

தீபன்_பிரம்டன்:
சிவா அண்ணை, என் பெயரைப் போட்டுத் தனி இழை திறக்கிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? என் வீட்டில் இதுவரை அறுபதுக்கு மேற்பட்ட முட்டை பொரித்திருக்கின்றன. ஒவ்வொரு குட்டியையும் சப்பாத்துப் பெட்டி அளவான பிளாஸ்டிக் பெட்டியில்தான் வைத்தேன். எல்லாம் இரை எடுத்தன. நீங்கள் எத்தனை முட்டை பொரித்தீர்கள்?

குட்டிக்குப் பயம் அதிகம். உடம்பு சுவரில் முட்டினால்தான் அதற்குத் தைரியம் வரும். பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டால் மூலையில் சுருண்டு கிடக்கும், இரையைத் திரும்பியும் பார்க்காது.

ஸ்காபரோ_சிவா:
அறுபது குட்டி பொரித்தவர் என்பதால் சொன்னதெல்லாம் வேதமாகிவிடாது. விற்கிறவருக்கு அலுமாரியில் அடுக்க வசதியான பெட்டி வேறு, பாம்புக்கு வேண்டிய பெட்டி வேறு. குட்டி பயப்படுவது பெட்டி பெரிது என்பதால் அல்ல, பெட்டி வெறுமை என்பதால். மூன்று பக்கமும் கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள். சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் அதே மாதிரி இன்னொரு பொந்து, நடுவில் நிறையப் பிளாஸ்டிக் இலை. அந்தத் தொட்டி நாலடி இருந்தாலும் குட்டி தைரியமாகத் திரியும்.

வினோ_மார்க்கம்:
அண்ணாமார், நான்தான் அந்த வினோ. என் தொட்டி இரண்டடி நீளக் கண்ணாடி, மேலே கம்பி வலை மூடி. ஒரு பொந்து வைத்திருக்கிறேன். சிவப்பு பல்ப் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட வெப்பமானி 29 என்று காட்டுகிறது. சமையலறைத் தராசில் நிறுத்தேன், 68 கிராம். வீட்டுக்கு வருகிற நண்பர்களுக்குக் காட்ட தினமும் கையில் எடுக்கிறேன், கடிக்கவில்லை, நல்ல குட்டி. இரண்டடி பெரிதா சின்னதா?

தீபன்_பிரம்டன்:
பெரிது.

ஸ்காபரோ_சிவா:
சின்னது. அது 20, 30 வருடம் வாழப்போகிற உயிர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961 இல் வந்த ஒரு பெண் பால் பைத்தன் 2020 இல் 7 முட்டை இட்டது, அறுபது வயதைத் தாண்டி. அப்படிப்பட்ட உயிரைச் சப்பாத்துப் பெட்டியிலா வைப்பீர்கள்?

தீபன்_பிரம்டன்:
நான் குட்டி என்று சொன்னேன், அறுபது வயதுக் கிழவி என்று சொல்லவில்லை. வளர வளரப் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதாதீர்கள்.

லண்டன்_கௌரி:
இரண்டு பேரும் அந்தப் பிள்ளை எழுதியதை வாசித்தீர்களா? தினமும் கையில் எடுக்கிறேன் என்கிறார்! வினோ, முதலில் அதை நிறுத்துங்கள். புது வீட்டுக்கு வந்த குட்டியை ஒரு கிழமைக்குத் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றவும் அழுக்கு எடுக்கவும் மட்டும் கையை விடுங்கள். இரை எடுத்த பிறகும் இரண்டு நாள் தூக்கக்கூடாது, கக்கிவிடும். கக்கினால் பத்துப் பதினாலு நாளாவது விட்டுத்தான் மறுபடி இரை கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஒட்டுகிற வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், பாம்பு படுக்கிற இடத்துச் சூட்டை அல்ல. முனையில் கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, கம்பியைப் பொந்துக்குள் விடுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 பாகை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. பல்ப் ஆனாலும் ஹீட் மேட் என்கிற சூடாக்கும் விரிப்பு ஆனாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பாவிக்கவே வேண்டாம். அடிவயிறு வெந்து போன பாம்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுடுவது தெரியாமல் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும், பாவம்.

ஸ்காபரோ_சிவா:
கௌரி அக்கா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்த இழை பெட்டியைப் பற்றியது. பெட்டி வடிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

லண்டன்_கௌரி:
தானாக வராது சிவா. சூடு இல்லாமல் விழுங்கிய இரை வயிற்றில் செரிக்காது. அதற்கும் பெட்டியின் நீளத்துக்கும் என்ன தொடர்பு?

தீபன்_பிரம்டன்:
தொடர்பு இருக்கிறது அக்கா. இங்கே கனடாவில் பெப்ரவரியில் வந்து பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடினால் உள்ளே ஈரப்பதன் 20 வீதத்துக்குப் போகும். இந்தப் பாம்புக்கு 60க்குக் குறையக் கூடாது. கம்பி வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தோல் துண்டு துண்டாக உரியும், கண்ணின் மேல் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். என் சப்பாத்துப் பெட்டியில் ஈரப்பதன் 65 அசையாமல் நிற்கும். நான் சும்மா சொல்லவில்லை.

ஸ்காபரோ_சிவா:
அது மூடியின் விஷயம்! பெட்டியின் அளவு விஷயம் அல்ல! வலையின் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடு, அடியில் தேங்காய்த் தும்புத் துகள் நாலு அங்குலம் போடு, மூலையில் தண்ணீர் ஊற்று. நாலடித் தொட்டியிலும் 70 நிற்கும். என் வீட்டில் நிற்கிறது. வந்து பாருங்கள்.

நீங்கள் வரமாட்டீர்கள். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்கு வந்து ஒரு கோர்ன் ஸ்நேக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, உண்ணி இருந்த குட்டி. அதிலிருந்து மற்ற இரண்டு பாம்புக்கும் தொற்றி, நான் ஆறு கிழமை கண்ணீரோடு ஒவ்வொரு செதிலாகத் துடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு போன்கூட நீங்கள் எடுக்கவில்லை.

தீபன்_பிரம்டன்:
இதுதான் விஷயம் என்று எனக்கு முதலே தெரியும். பெட்டி ஒரு சாட்டு. அந்தக் குட்டி என் வீட்டை விட்டுப் போகும்போது உண்ணி இல்லை. புதுப் பாம்பை இரண்டு மூன்று மாதம் தனி அறையில் வைக்காமல் மற்றவற்றோடு ஒரே அலுமாரியில் வைத்தவர் நீங்கள். வெள்ளைக் கடதாசி விரித்திருந்தால் கறுப்புப் புள்ளி ஊர்வது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நல்லூரான்:
பிள்ளைகள், நான் பாம்பு வளர்க்கிறவன் இல்லை. பேரன் வாங்கித் தரச்சொல்லிக் கேட்கிறான் என்று வாசிக்க வந்தேன். நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நாங்கள் ஒரு நாகத்தைப் பெட்டியில் அடைப்பது சரியா? பால் பைத்தன் என்கிறீர்கள், பால் குடிக்குமோ? 2013 இல் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு மலைப்பாம்பு இரண்டு சிறுவர்களைக் கொன்றதே, அதை யாரும் கதைக்கவில்லை.

ஸ்காபரோ_சிவா:
ஐயா, வணக்கம். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளிக்கும், அதனால் வந்த ஆங்கிலப் பெயர் அது. எந்தப் பாம்பும் பால் குடித்து வளர்வதில்லை. தண்ணீர் மட்டும் வையுங்கள்.

நியூ பிரன்ஸ்விக்கின் காம்பல்டனில் நடந்த அது மிகப் பெரிய துயரம். அது ஆப்பிரிக்க ராக் பைத்தன், வேறு இனம், பல மடங்கு பெரியது. பால் பைத்தன் மூன்று முதல் ஐந்தடி. 3 மீற்றருக்கு மேல் வளரும் பாம்பு இனங்களை ரொறன்ரோ நகரச் சட்டமே தடை செய்திருக்கிறது. இதற்குத் தடை இல்லை.

நல்லூரான்:
சின்னதோ பெரிதோ, சிறை சிறைதான் தம்பி. அம்மன் வீட்டு உயிர்.

தீபன்_பிரம்டன்:
ஐயா, என் அம்மாவும் புற்றுக்குக் கற்பூரம் காட்டியவர்தான். அவர்தான் இப்போது குட்டிகளின் தண்ணீரை மாற்றுகிறார்.

லண்டன்_கௌரி:
ஐயா, பேரன் ஐந்து வயதுக்கு உட்பட்டவன் என்றால் இப்போது வேண்டாம். பாம்பிலும் அதற்குக் கொடுக்கிற எலியிலும் சால்மொனெல்லா என்கிற வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம். கனடா பொதுச் சுகாதார முகமையே 2024 பெப்ரவரியில் இதைப் பற்றி எச்சரித்தது. பெரியவர்களும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்பின் தண்ணீர்ச் சட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

ஸ்காபரோ_சிவா:
வினோ தம்பி, கேள். மூன்றடிக்குக் குறைந்து வாங்காதே. இலை, கிளை, இரண்டு பொந்து. சப்பாத்துப் பெட்டி பக்கமே போகாதே.

வினோ_மார்க்கம்:
சிவா அண்ணா, இரையை எப்படிக் கொடுப்பது என்று யாராவது சொல்வீர்களா? கடைக்காரர் உயிருள்ள சுண்டெலி தந்தார். அது பாம்பைக் கடிக்கப் பார்த்தது, எடுத்துவிட்டேன்.

தீபன்_பிரம்டன்:
உயிரோடு விடாதே. உறைந்த எலிக்குஞ்சு வாங்கு. உன் குட்டி 68 கிராம், ஆகவே 7 முதல் 10 கிராம் எடையுள்ளது போதும். அதன் உடம்பின் தடித்த பகுதியை விட எலி தடிப்பாக இருக்கக் கூடாது. முதல் நாள் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவிடு. மறுநாள் இரவு ஒரு பையில் போட்டுச் சுடுநீரில் பத்து, பதினைந்து நிமிடம் வை. மைக்ரோவேவில் வைக்காதே, வெடிக்கும். தலை கையைவிடச் சூடாக இருக்க வேண்டும், இந்தப் பாம்பு வாயோரத்துக் குழிகளால் சூட்டைத்தான் "பார்க்கும்". நீளமான இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் காட்டு. எடுக்காவிட்டால் பொந்தின் வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டுப் போ. கிழமைக்கு ஒரு தடவை போதும். ஒவ்வொரு கிழமையும் குட்டியின் எடையைப் பார்த்து எழுதி வை. எடை குறையாதவரை பயப்படாதே.

சப்பாத்துப் பெட்டியில் செய்தால் இன்னும் சுலபம்.

ஸ்காபரோ_சிவா:
பார்த்தீர்களா, கடைசி வரியில் மறுபடி! நல்லதாக எழுதிக்கொண்டு வந்து கடைசியில் அந்தப் பெட்டி!

வினோ_மார்க்கம்:
ஐந்து நாள் தொடவில்லை. பக்கங்களில் கறுப்புக் கடதாசி ஒட்டினேன், தெர்மோஸ்டாட் வாங்கினேன், இரண்டாவது பொந்து வைத்தேன், மூடியில் தாள் போட்டேன். தொட்டி அதே இரண்டடிதான். நேற்று இரவு பதினொன்றரைக்கு எலிக்குஞ்சை எடுத்தது! சுருட்டிப் பிடித்து இருபது நிமிடத்தில் விழுங்கியது. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஸ்காபரோ_சிவா:
சந்தோஷம் தம்பி! இலையும் பொந்தும் கடதாசியும். நான் முதல் நாளே சொன்னேன். சின்னப் பெட்டிக்கு மாற்றாமலே தின்றதே, இனி என்ன கதை இருக்கிறது?

தீபன்_பிரம்டன்:
மூன்றடி வாங்கு என்று நீங்கள் சொன்னதை அவர் செய்யவில்லை. இரண்டடியில்தான் தின்றது. நாலு பக்கமும் அடைத்து இருட்டாக்கி, பொந்தையும் இலையையும் போட்டு நிரப்பினால் அது சப்பாத்துப் பெட்டி மாதிரித்தான் ஆகிவிடும் அண்ணை.

ஸ்காபரோ_சிவா:
ஆகாது. உள்ளே நீட்டி நிமிர இடம் இருக்கிறது. சப்பாத்துப் பெட்டியில் இல்லை. உண்ணிக் கணக்கும் இன்னும் தீரவில்லை.

லண்டன்_கௌரி:
வினோ, நாளையும் நாளை மறுநாளும் தூக்காதீர்கள்.

தீபன்_பிரம்டன்:
உண்ணி என் வீட்டிலிருந்து வரவில்லை.