வானியற்பியல் ஆய்வுக்கு எந்த இளநிலைப் பட்டம் ஏற்றது?

கேள்வி:
பள்ளியிறுதி ஆண்டில் படிக்கும் எனக்கு வானியற்பியல் ஆய்வாளராக வேண்டும் என்பதே விருப்பம். இளநிலையில் பொது இயற்பியலை எடுப்பதா, வானியற்பியல் என்றே பெயர் கொண்ட பட்டத்தை எடுப்பதா என்று வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். குவாண்டம் இயங்கியல், வெப்ப இயக்கவியல், மின்காந்தவியல் ஆகியவை முழுமையாகக் கற்பிக்கப்பட்டால் எதை எடுத்தாலும் நன்று. வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய அடர்ந்த விண்மீன்) நிறை ஏறத்தாழ 1.4 சூரிய நிறையைத் தாண்ட முடியாது என்று இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930களில் நிறுவ முடிந்தது, அடர்ந்த விண்மீனுக்குள் எலக்ட்ரான்கள் தரும் அழுத்தத்தைக் குவாண்டம் விதிகளோடு சிறப்புச் சார்பியலையும் சேர்த்துக் கணக்கிட்டதால்தான். தொலைநோக்கி மட்டும் தந்திருக்கக்கூடிய முடிவன்று அது.

மறுமொழி 2:
இதை ஏற்கிறேன். விண்வெளி அறிவியல் என்ற பெயரில் சூரியக் காற்று, காந்தக்கோளம் (கோளைச் சூழ்ந்த காந்தப்புலப் பகுதி), கருவி வடிவமைப்பு ஆகியவையே மிகுதியாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள்; விண்மீன்களை ஆராய விரும்புவோருக்கு அது வேறு பாதை.

கணினி நிரலாக்கத்தை இப்போதே தொடங்குங்கள். விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்த ஐரோப்பியக் கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத் தொகுப்பு 2022இல் வெளியானது. ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்களின் அளவீடுகளை எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். பைத்தான் மொழியில் கார்த்திகை விண்மீன் கொத்தின் உறுப்பினர்களைப் பிரித்தெடுத்து, இடமாறு கோணத்திலிருந்து (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம்பெயர்வதாகத் தோன்றும் கோணம்) தொலைவைக் கணக்கிட்டு, நிறத்துக்கு எதிராக ஒளிர்வை வரைந்து பாருங்கள். விண்மீன்கள் ஒரே பட்டையில் வரிசையாக அமைவதைக் காணும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரு பட்டங்களின் பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டுவிட்டு, கணிதத் தாள்களைப் பற்றி மீண்டும் கேட்கிறேன்.