பம்பின் 'ஹெட்' - தமிழில் என்ன சொல்வது? (பவளத் தொட்டிக் கையேட்டுக்காக)

சிங்கப்பூரிலிருந்து, திங்கள் இரவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பவளத் தொட்டியைப் பராமரிக்கிறார்கள். நாலடி நீளம், ஏறத்தாழ 400 லிட்டர். அவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு எழுதுகிறேன். உப்பளவு, விளக்கு, வடிகட்டல் எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டன. பம்பு பகுதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பம்பு வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தன: மணிக்கு 3000 லிட்டர், அதிகபட்ச ஹெட் 3 மீட்டர். மூன்று மீட்டர் உயரம்வரை மணிக்கு 3000 லிட்டர் தரும் என்று நான் படித்துக்கொண்டேன். உண்மையில் 3000 என்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. 3 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி நின்று, ஒரு சொட்டும் வெளியே விழாத இடம். எங்கள் தொட்டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொட்டிக்கு அடியில் பம்பு இருக்கும் கீழ்ப்பெட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் விழும் வாய்வரை 1.3 மீட்டர். 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தோம். நிரம்ப 25 வினாடி. மணிக்கு 1440 லிட்டர், அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை.

பிள்ளைகள் இதே தவற்றைச் செய்யக்கூடாது. அதற்கு 'ஹெட்' என்பதன் பொருள் சொல்லிலேயே தெரிய வேண்டும். ஏற்றம் இறைத்த மரபு நமக்கு இருப்பதால் 'ஏற்றுயரம்' என்று நினைத்தேன். சரியா?

கோவையிலிருந்து, செவ்வாய் காலை

வணக்கமுங்க அம்மா. நாப்பது வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டறேன். போருக்கு மோட்டார் வாங்க வர்ற எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருகூட 'எத்தன ஹெட்டுக்கு எத்தன தண்ணி தள்ளும்'னுதான் கேக்கறாருங்க. அந்தச் சொல்லு எங்க ஊர்ல தமிழாகி ரொம்ப நாளாச்சு. புதுச்சொல்லு கொண்டுபோய்க் கடையில கேட்டா, கடைக்காரரு முழிப்பாருங்க.

சொல்லு எதுவோ ஆகட்டும், உங்க குழாயப் பாருங்க. பம்போட டெலிவரி வாய் ஒரு இஞ்சுன்னா குழாயும் ஒரு இஞ்சே போடோணும், முக்காலுக்குக் குறைச்சா தண்ணி பாதி வழியிலயே திணறும். எத்தன எல்போ, அதான் மடக்கு மூட்டு, போட்டிருக்கறீங்க? கழட்டிட்டு வளையற ஹோஸ் போடுங்க.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மதியம்

அன்பு மகளே,

ஏற்றுயரம் நல்ல முயற்சி. ஆனால் வேரிலிருந்து தொடங்குவோம். பம்புக்கே 'எக்கி' என்ற அழகான சொல் இருக்கும்போது, கையேட்டில் 'பம்பு' என்று எழுதுவானேன்? எக்குதல் என்றால் மேலெழுதல். காலை எக்கி நின்று பரணில் இருப்பதை எடுக்கிறோம், வயிற்றை எக்குகிறோம். நெய்தல் பாட்டுகளில் வரும் 'எக்கர்' என்ற மணல்மேடும் அலை எக்கி எக்கிக் குவித்ததுதான் என்பது என் முடிபு. ஆகவே பம்பு எக்கி, அது எக்கும் உயரம் எக்குயரம். கருவியும் அளவும் ஒரே வேரில் நிற்கின்றன. ஏற்றுயரத்தில் இந்த உறவு இல்லை.

இதே வேரிலிருந்து 'எக்களிப்பு' வருமா என்றும் முப்பது ஆண்டாக யோசித்துவருகிறேன். மகிழ்ச்சியில் மனிதன் எம்பிக் குதிக்கிறான் அல்லவா? அதைத் தனி மடலில் விரித்து எழுதுவேன்.

தூத்துக்குடியிலிருந்து, செவ்வாய் இரவு

ஏற்றுயரத்துக்கு எனக்கு ஒரு தடை உண்டு. எங்கள் கரையில் ஏற்றம் என்றாலே கடலேற்றம்தான். ஏற்றவற்றம் என்று சேர்த்துச் சொல்வோம். கடல்நீர்த் தொட்டி பற்றிய கையேட்டில் 'ஏற்றுயரம்' என்று படித்தால் எங்கள் ஊர்ப் பிள்ளை ஓதத்தின் உயரம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பவளத்துக்கு வேண்டியது பம்பு எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்பதில்லை, அதன்மேல் நீர் எப்படி ஓடுகிறது என்பதுதான். பவளம் இருந்த இடத்தைவிட்டு அசையாதது. இரையும் உயிர்வளியும் நீரோட்டத்தில்தான் வரவேண்டும், கழிவும் அது சுரக்கும் கோழையும் நீரோட்டத்தில்தான் போகவேண்டும். அதே நேரத்தில் ஒரே பக்கமிருந்து குழாய்போலப் பீய்ச்சினால் அந்த முகத்தில் சதை உரிந்து எலும்பு வெளுத்துத் தெரியும். கடலடியில் நீர் போகும், நிற்கும், திரும்பும். எங்கள் மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். கையேட்டில் அந்தச் சொல்லுக்கு ஓரிடம் கொடுங்களேன் அம்மா.

தொட்டியிலுள்ள பவளம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக் காளவாய்க்கென்று பவளத்தை வெட்டி வெட்டியே தீவுகள் கரைந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்தியாவில் பாறைப் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் காலை

அக்கா, ஏற்றவற்றச் சிக்கல் எங்களுக்கு இல்லை. நாங்கள் வற்றுப்பெருக்கு என்றே சொல்கிறோம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்ற கருவிப் பெயரும் புழக்கத்தில் குறைவு, அது துலா. ஆள் ஏறித் துலா மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இரண்டு கரைக்கும் பொதுவாக நிற்கிற சொல் 'இறைப்பு'தான். தமிழ்நாட்டிலும் இறவைப் பாசனம் என்கிறார்கள்தானே. 'இறைப்புயரம்' என்றால் தூத்துக்குடி அண்ணரின் தடையும் போய்விடும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

ஏற்றத்தைத் தம்பி அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். ஏற்றக்காரன் 'மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே' என்று பாடி நிறுத்த, அடுத்த அடி என்னவென்று தெரியாமல் கம்பன் இரவெல்லாம் தவித்து மறுநாள் வந்து நின்றான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. 'தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே.' கதிரவன் பனிநீரை மேலே வாங்குகிறான். பார்த்தீர்களா, அங்கேயும் நீர் மேலே போகிறது!

சென்னையிலிருந்து, புதன் இரவு

எல்லோரும் உயரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் பாய்ம இயக்கவியல் பாடம் நடத்துகிறவன், ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொட்டியின் ஒரு மூலையில் நீரை எடுத்து, குழாய் வழியாகச் சுற்றி, அதே தொட்டியின் மறுமூலையில் விடும் பம்பை எண்ணிப் பாருங்கள். அங்கே நீர் ஒரு சாண்கூட ஏறவில்லை, ஏறிய அளவு இறங்கிவிடுகிறது. ஆனாலும் அந்தப் பம்புக்கு ஹெட் உண்டு. குழாய்ச் சுவரிலும் வளைவிலும் உராய்ந்து இழப்பதை மீட்டர் கணக்கில் சொல்கிறோம். கோவை ஐயா எல்போவைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான். ஹெட் என்பது ஒரு நியூட்டன் எடையுள்ள நீருக்குப் பம்பு கொடுக்கும் ஆற்றல். அலகு மட்டும்தான் மீட்டர். அதனால்தான் கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியிருந்தும், அதே பம்பு இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரம் மட்டும் சற்றுக் கூடுதலாக எடுக்கும்.

ஆகவே ஏற்று, எக்கு, இறை ஆகிய மூன்றுக்கும் ஒரே குறை: மூன்றும் உராய்வை மறைக்கின்றன. 'உந்துயரம்' என்றால் தள்ளும் வலு முன்னால் வரும், அளவு பின்னால் வரும்.

கோவையிலிருந்து, வியாழன் காலை

சென்னைத் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. மெக்கானிக்கு அத 'லாஸ்'னு தனியாச் சேத்துக்குவான். நெட்ட உயரம் இத்தன, லாஸ் இத்தன, கூட்டினா மொத்த ஹெட்டு. பிள்ளைகளுக்கும் கூட்டலாவே சொல்லிக் குடுங்க, ஒரே சொல்லுல எல்லாத்தயும் அடைக்க வேண்டியதில்லைங்க.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் இரவு

கோவை ஐயாவின் கூட்டல்தான் எனக்கு வழி காட்டியது.

குழாயை இன்று பிரித்துப் பார்த்தோம். பம்பின் வாய் ஒரு அங்குலம், நான் மாட்டியிருந்த குழாய் முக்காலுக்கும் கீழே. இரண்டு எல்போ வேறு. ஒரு அங்குல ஹோஸை வளைத்து மாட்டினோம், 10 லிட்டர் வாளி இப்போது 20 வினாடியில் நிரம்புகிறது. மணிக்கு 1800 லிட்டர். உயரம் அதே 1.3 மீட்டர்தான்! சென்னை ஐயா சொன்ன உராய்வை இந்தப் பிள்ளைகள் இனி மறக்க மாட்டார்கள்.

தூத்துக்குடி ஐயாவின் மடலுக்குப் பிறகு கையேட்டின் அமைப்பையே மாற்றிவிட்டேன். கீழ்ப்பெட்டியிலிருந்து மேலே தள்ளும் பம்புக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு போதும் என்பது தொட்டி வைப்போரின் பொதுக் கணக்கு. எங்களுக்கு நாலரை மடங்கு வந்துவிட்டது. பவளத்துக்கு வேண்டிய நீரோட்டத்தை இந்தப் பம்பிடமே எதிர்பார்த்ததுதான் என் பெரிய பிழை. பாறைக்குப் பின்னால் கசடு தங்கி, அதன்மேல் செந்நிறப் பாசிப்படலம் வந்தது. இப்போது தொட்டிக்குள்ளேயே எதிரெதிராக இரண்டு அலைப்பம்புகள், ஒவ்வொன்றும் மணிக்கு 4000 லிட்டர், மாறி மாறி ஓடுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடுவதால் மணிக்கு 10 மடங்கு, எங்கள் மென்பவளங்களுக்கு அது போதும். அவை நீரை எங்கும் ஏற்றுவதில்லை, இருந்த இடத்திலேயே தள்ளுகின்றன. அதனால் அந்தப் பக்கத்தில் ஹெட் என்ற பேச்சே வராது. தலைப்பு 'நீரோட்டம்', முதல் வரியில் 'நீவாடு'. நீர் நகராத மூலைக்குத் 'தேக்கம்', அதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன். பவளங்கள் வளர்ப்புப் பண்ணையில் துண்டிலிருந்து வளர்த்தவை என்பதையும் எழுதிவிட்டேன்.

மேலே தள்ளும் பம்புக்கு 'ஏற்றுயரம்' என்றே வைக்கிறேன், பக்கத்திலேயே 'கடையில் ஹெட் என்று கேளுங்கள்' என்ற குறிப்போடு. நெட்டுயரத்தோடு உராய்விழப்பைக் கூட்டினால் ஏற்றுயரம். கோவை ஐயாவும் யாழ்ப்பாணத் தம்பியும் தனி மடலில் சம்மதம் சொன்னார்கள். தூத்துக்குடி ஐயா அரை மனதோடு. சென்னை ஐயா 'உந்துயரத்தை விடமாட்டேன், ஆனால் கூட்டலைப் போட்டால் அச்சிடுங்கள்' என்கிறார்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி காலை

மகளே, அச்சிடு. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அதுதான் முதலில். ஆனால் கருவியை ஒரு வேரிலும் அதன் அளவை இன்னொரு வேரிலும் வைத்ததற்கு என் மறுப்பு குழுவின் ஏட்டில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது 'எக்குயர'த்தோடு மீண்டும் வருவேன்.

சிங்கப்பூரிலிருந்து, வெள்ளி இரவு

ஐயா, அச்சாகிவிட்டது. வகுப்பிலேயே சின்னவள், ஒன்பது வயது, அளவுநாடாவைக் கீழ்ப்பெட்டி நீர்மட்டத்தில் வைத்து மேலே நீட்டினாள். மேல்வாய் எட்டாமல் குதிகாலைத் தூக்கி எக்கி நின்றாள். உங்களை நினைத்துக்கொண்டேன்.