பதினொன்றாம் வகுப்பை எங்கே படிப்பது?

*மயூர் விகார் குடும்பக் குழு*

*நான்:* அண்ணா, மருத்துவம் படிக்க விரும்பும் சின்னவளுக்கு நொய்டாவில் உள்ள ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உயிரியல் ஆய்வகம் நன்றாக இருப்பதால் நாளைக்கே பணம் கட்டிவிடலாம் என்று நினைக்கிறோம்.

*பெரியண்ணன்:* பணம் கட்டாதே, அம்மா. நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங் போன்ற மருத்துவக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள், பதினொன்றையும் பன்னிரண்டையும் டெல்லி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியவை. வீடு டெல்லியில் இருப்பது கணக்கில் வராது. பள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

*மதுரைச் சித்தப்பா:* நீட் மதிப்பெண் ஒன்றை வைத்துத்தானே எல்லாரையும் தேர்வு செய்கிறார்கள்? இங்கே தமிழ்நாட்டில் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்தார்கள், இப்போது அது மாறிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

*பெரியண்ணன்:* வரிசையைத் தீர்மானிப்பது நீட்தான், சித்தப்பா. 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள்தான் அகில இந்திய ஒதுக்கீடு. எய்ம்ஸில் மாநில ஒதுக்கீடே இல்லை என்றாலும் அங்கே நாடு முழுவதும் போட்டி.

எங்கள் மூத்தவளுக்கு நடந்ததை இப்போது சொன்னால்தான் உனக்குப் பயன்படும். பத்தாவதை டெல்லியில் முடித்தவளை, பேருந்தில் கால் மணி நேரம்தானே என்று எல்லை தாண்டி நொய்டாவில் சேர்த்தோம். கலந்தாய்வுப் படிவத்தை நிரப்பிய இரவில், வாக்காளர் அட்டை, ஆதார், மின்கட்டண ரசீது என்று வீட்டிலிருந்த டெல்லிக் காகிதங்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தேன், ஒன்றும் உதவவில்லை. உத்தரப் பிரதேசத்திலோ பத்தும் பன்னிரண்டும் அங்கேயே முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மாநிலத்தின் குடியிருப்புச் சான்று வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. அவள் எதுவும் பேசாமல் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தாள். அவளுடைய உழைப்பில் குறையில்லை, விசாரிக்காமல் விட்டது என் தவறு.

*நடு அக்கா:* சொந்த ஊர்க்காரர்கள் என்று தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க வழியில்லையா?

*பெரியண்ணன்:* வெளிமாநிலத்தில் படித்தாலும், பூர்வீகத்தை நிரூபிக்கும் நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கானது. அது அவர்களுக்கே போய்ச் சேருவதுதான் நியாயம்.

*மதுரைச் சித்தப்பா:* உன் பள்ளிச் சான்றிதழ்களின் நகலை எனக்கு அனுப்பு, அம்மா. நேட்டிவிட்டி சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் திங்கட்கிழமை கேட்டு வருகிறேன்.

*நான்:* இன்றே அனுப்புகிறேன், சித்தப்பா. அண்ணா, டெல்லி லோதி எஸ்டேட்டில் உள்ள நம் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் பிரிவில் இடம் இருக்கிறதா என்று நாளைக் காலையில் நேரில் போய்க் கேட்கிறேன், நீங்களும் கூட வாருங்கள்.

*பெரியண்ணன்:* எட்டரை மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன்.