பால் எடுக்கப் போகும் பையன்களுக்கு குரோம்புக் சரிவருமா?

குலசேகரம் கணக்கர்:
வணக்கம். ரப்பர் பால் வாங்கும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் பையன்கள் எட்டு பேர் காலையிலேயே பைக்கில் அருமனை, பேச்சிப்பாறை பக்கம் போய், பாலை நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்து, லேப்டாப்பில் ஏற்றுவார்கள். எல்லாம் பழைய விண்டோஸ். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பாட்டி வாளியோடு நிற்கிறார். திரையில் அப்டேட் 30 சதவீதத்தில் நிற்கிறது. வாளி ஓரத்தில் பால் திரள ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது கூகுள் ஷீட்டும் ஜிமெயிலும்தான். ஆனால் மலைமேல் சிக்னல் கிடையாது. விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக் வாங்கலாமா?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
அந்த அப்டேட் தொல்லை தீரும் அண்ணாச்சி. நீங்கள் வேலை பார்க்கும்போதே குரோம்புக் புதிய பதிப்பை டிஸ்க்கில் வேறொரு பகுதியில் இறக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அணைத்துப் போட்டால் மாறிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 2021 முதல் வந்த வகைகளுக்கு 10 வருஷம் அப்டேட் உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அந்த வகை வெளிவந்த நாளிலிருந்து. விலை குறைவு என்று பழசை எடுத்தால் பாதி ஆயுள் முன்பே போயிருக்கும்.

தக்கலை அக்கா:
எங்கள் முந்திரி ஆபீசில் நாலு வாங்கினோம். ஷீட்டின் ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். நாங்கள் அதை மறந்து அனுப்பிவிட்டோம். பையன் நாள் முழுக்கத் துண்டுத் தாளில் எழுதி வந்தான். மழையில் பாதி எழுத்து கரைந்துபோயிருந்தது. அன்றைய கூலியைப் பேசித் தீர்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம், எட்டு பேருக்கும் ஒரே ஷீட் வேண்டாம், ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு பேர் ஒரே கட்டத்தில் எழுதினால் கடைசியில் ஒன்றுதான் நிற்கும்.

குலசேகரம் கணக்கர்:
ரொம்ப நன்றி அக்கா. அப்படியென்றால் முதலில் இரண்டு மட்டும் எடுத்து, பேச்சிப்பாறைக்குப் போகிறவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். டிஆர்சி, அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு, அந்தக் கணக்கைத் தானாகப் போட எக்செலில் ஒரு மேக்ரோ (சின்ன நிரல்) வைத்திருக்கிறேன். அது ஓடுமா?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
ஷீட்டில் ஓடாது அண்ணாச்சி. எடையை டிஆர்சியால் பெருக்குவதுதானே, சாதாரண ஃபார்முலாவாக எழுதிவிடுங்கள். டேலி கணக்கு மென்பொருளுக்கு உங்கள் மேசையில் ஒரு விண்டோஸ் இருக்கட்டும்.