7க்கு 14 அங்குல லேத்தைக் (கடைசல் இயந்திரத்தை) கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றியபின் விட்டம் தவறுகிறது, உதவி தேவை

கடைசல்_புதியவர் (சனி, இரவு 10.40)
அனைவருக்கும் வணக்கம். ஆறு மாத உழைப்பில் என் சிறிய லேத்தைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி முடித்திருக்கிறேன். இரண்டு அச்சுகளும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் கடைந்து முடித்த ஜாப்பின் விட்டம் கேட்ட அளவுக்கு வருவதில்லை. சிறிய வேலையில் சரியாக இருக்கிறது, பெரிய வேலையில் தவறுகிறது. ஸ்டெப் (ஒரு துடிப்புக்கு மோட்டார் நகரும் சிறு அடி) கணக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு நான்கு பித்தளைப் புஷ்கள் கொடுத்தாக வேண்டும் என்பதால் அவசரமாகக் கேட்கிறேன். இது எதனால் நேர்கிறது?

அளவுகோல் (சனி, இரவு 11.05)
நண்பரே, நீங்கள் எழுதியதிலிருந்து எதையும் சொல்ல இயலாது. என்ன மோட்டார், என்ன டிரைவர் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி), எத்தனை வோல்ட் மின்வழங்கி, எந்த மென்பொருள், கிராஸ் ஸ்லைடு (டூலை ஜாப்பின் குறுக்கே நகர்த்தும் பகுதி) திருகின் புரி இடைவெளி எவ்வளவு, மைக்ரோ ஸ்டெப் (ஒரு முழு ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிப்பது என்பது) எதில் வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை மில்லிமீட்டர் தவறுகிறது, கூடுகிறதா குறைகிறதா? "பெரிய வேலை" என்று நீங்கள் சொல்வது விட்டத்தில் பெரியதையா, நீளத்தில் பெரியதையா, கட்டுகளின் (டூல் ஒரு முறை வெட்டிச் செல்வது ஒரு கட்டு) எண்ணிக்கையில் பெரியதையா என்பதும் தெரிய வேண்டும்.

பந்துத்_திருகு (சனி, இரவு 11.20)
விவரம் வருவதற்கு முன்பே சொல்கிறேன், இது பேக்லாஷ்தான் (திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டம்). இந்த வகை லேத்தில் தொழிற்சாலையிலிருந்து வரும் கிராஸ் ஸ்லைடு திருகும் பித்தளை நட்டும் கையால் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை வைத்துக்கொண்டு கணினிக் கட்டுப்பாடு செய்வது வீண். 12 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். நான் பொருத்தியபின் என் லேத்தில் ஆட்டம் என்பதே இல்லை.

பழைய_டர்னர் (ஞாயிறு, காலை 6.15)
தம்பி, முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கையால் கடைந்து இரண்டு நூறில் (0.02 மில்லிமீட்டருக்குள்) அளவு பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும். கிப்பை (ஸ்லைடின் பக்க ஆட்டத்தை நீக்கும் பட்டையை) இறுக்கத் தெரியாது, டூலின் உயரத்தை மையத்துக்குச் சரியாக வைக்கத் தெரியாது, ஆனால் கணினி மட்டும் வேண்டும் என்று இப்போது எல்லோரும் வருகிறார்கள். டூல் மையத்துக்குக் கீழே இருந்தாலும் விட்டம் தவறும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? முதலில் அதைப் பாருங்கள்.

ரிச்சி_தெரு (ஞாயிறு, காலை 8.30)
என் ஐயம் மின்னிரைச்சல் மீது. இந்த லேத்துகளின் ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுழற்றும் தண்டு) வேகக் கட்டுப்பாட்டுப் பலகை மிகுந்த இரைச்சலை வெளிவிடுவது. ஸ்டெப் கம்பிகள் ஸ்பிண்டில் மோட்டார் கம்பிகளுக்கு அருகே ஓடினால் பொய்த் துடிப்புகள் புகுந்துவிடும். கவசக் கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையிடுங்கள். மின்வழங்கி 12 வோல்ட் என்றால் அதையும் மாற்றுங்கள். நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாருக்கு 36 வோல்ட்டாவது கொடுக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

கடைசல்_புதியவர் (ஞாயிறு, காலை 11.50)
மன்னிக்கவும், அவசரத்தில் விவரங்களை விட்டுவிட்டேன். லேத் பெட்டுக்கு மேல் 180 மில்லிமீட்டர் விட்டம் சுழலக்கூடியது, முனைகளுக்கிடையே 350. மோட்டார் நீமா 23, மின்வழங்கி 24 வோல்ட், டிரைவர் டிபி6600 வகை, மைக்ரோ ஸ்டெப் எட்டில் ஒன்று. ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஜிஆர்பிஎல் 1.1 (மோட்டார்களுக்குக் கட்டளை தரும் மென்பொருள்) ஓடுகிறது. கிராஸ் ஸ்லைடு திருகின் இடைவெளி 1 மில்லிமீட்டர், நேரடி இணைப்பு. ஆகவே $100 (ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்ற அமைப்பு) மதிப்பு 1600. அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர்.

25 மில்லிமீட்டர் பித்தளையை, ஒரு கட்டுக்கு ஆழம் 0.1 வீதம், 40 கட்டுகளில் 17 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர நிரல் எழுதினேன். கிடைத்தது 16.90. ஐந்தாறு கட்டுகளில் முடியும் வேலைகளில் குறை தெரிவதில்லை. பெரிய வேலை என்று நான் சொன்னது கட்டுகளின் எண்ணிக்கையைத்தான். டூலின் உயரத்தையும் கிப்பையும் பார்த்துவிட்டேன், சரியாக உள்ளன.

அளவுகோல் (ஞாயிறு, பகல் 12.30)
இப்போது பேச இடம் இருக்கிறது. பிழை கட்டுகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி. பேக்லாஷ் சேர்ந்துகொண்டே போகாது. ஒரே திசையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆழத்துக்குப் போனால், 0.2 ஆட்டம் இருந்தாலும் நாற்பதாவது கட்டும் முதல் கட்டும் ஒரே பிழையோடுதான் இருக்கும். டூலின் உயரம் தவறாக இருப்பதும் அப்படித்தான், ஒரு விட்டத்துக்கு ஒரு பிழை. கட்டுக்குக் கட்டு வளர்வது என்றால் ஸ்டெப்புகள் காணாமல் போகின்றன, அல்லது கூடுதலாக வருகின்றன.

ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவியை) டூல் போஸ்டுக்கு எதிரே வைத்து, 2 மில்லிமீட்டர் உள்ளே, 2 மில்லிமீட்டர் வெளியே என்று நூறு முறை ஓட்டுங்கள். 25 சுற்றுக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். பிறகு வேகத்தைப் பாதியாக்கி மீண்டும் செய்யுங்கள்.

பந்துத்_திருகு (ஞாயிறு, பகல் 1.10)
சேர்ந்துகொண்டே போகாது என்பது உருளையான ஜாப்புக்குப் பொருந்தும். கோள வடிவம் கடையும்போது நடுவில் திசை மாறினால் என்ன செய்வீர்கள்? ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷ் ஈடுசெய்யும் வசதியே கிடையாது. எப்படியும் பால் ஸ்க்ரூ தேவைப்படும்.

பழைய_டர்னர் (ஞாயிறு, பகல் 2.00)
இந்த அளவுள்ள லேத்தில் பால் ஸ்க்ரூவுக்கு எங்கே இடம்? கிராஸ் ஸ்லைடின் அடிப்பகுதியைக் குடைந்தால்தான் நட்டு உள்ளே போகும், குடைந்தால் வார்ப்பு மெலிந்துவிடும். பார்ட்டிங் போடும்போது (ஜாப்பை வெட்டிப் பிரிக்கும்போது) மெலிந்த ஸ்லைடு அதிர்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மேலும் பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. மின்சாரம் போனால் ஸ்லைடு நின்ற இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. சாதாரணத் திருகின் நட்டைப் பிளந்து, இறுக்கும் திருகு ஒன்று வைத்தால் ஆட்டத்தை இரண்டு மூன்று நூறில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைக்கலாம். பட்டறைகளில் காலம் காலமாகச் செய்வது அதுதான்.

பந்துத்_திருகு (ஞாயிறு, பகல் 2.25)
நான் குடைந்துதான் பொருத்தினேன், என் ஸ்லைடு அதிரவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்வரை அது பிடித்துக்கொள்கிறது; $1 மதிப்பை 255 என்று வைத்தால் நிற்கும்போதும் பிடிப்பு விடாது. பழைய முறை ஒன்றே சரி என்று ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை.

லினக்ஸ்_மேசை (ஞாயிறு, மாலை 4.40)
லேத்துக்கு ஜிஆர்பிஎல் ஏற்றதே அல்ல. பொது ஜிஆர்பிஎல்லில் ஸ்பிண்டிலோடு ஒத்திசைந்து ஓடும் வசதி இல்லை என்பதால் புரி வெட்ட முடியாது. லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் புரி வெட்ட உதவும் ஜி33, ஜி76 கட்டளைகள் இரண்டும் உண்டு, ஸ்பிண்டிலில் இன்டெக்ஸ் துடிப்போடு (சுற்றுக்கு ஒரு துடிப்பு) ஓர் என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) வைத்தால் போதும். ஜி7 கொடுத்தால் விட்டக் கணக்கிலேயே நிரல் எழுதலாம். பேக்லாஷ் ஈடும் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. பழைய மேசைக் கணினி ஒன்றைத் தேடி, அதை மாற்றுவதே நிலையான தீர்வு.

கடைசல்_புதியவர் (ஞாயிறு, இரவு 8.15)
சோதனை செய்தேன். 25 சுற்றில் 3 கோடு, 50இல் 6 கோடு, 75இல் 9 கோட்டுக்குச் சற்று மேல், 100இல் 12க்கும் 13க்கும் நடுவில். எல்லாம் உள்பக்கமாகவே நகர்கின்றன. ஒரு கோடு 0.01. வேகத்தைப் பாதியாக்கினாலும் அதே எண்கள் வருகின்றன. ஸ்பிண்டில் முழு நேரமும் நின்றிருந்தது. லினக்ஸுக்கு மாற இப்போது நேரம் இல்லை ஐயா.

அளவுகோல் (ஞாயிறு, இரவு 9.30)
மிக நல்ல அளவீடு. இதிலிருந்து விடை கிட்டத்தட்டத் தெரிந்துவிடுகிறது.

ஸ்பிண்டில் நின்றிருக்கும்போதும் பிழை அதேபோல் வருவதால் ஸ்பிண்டில் இரைச்சலைக் கணக்கிலிருந்து நீக்கலாம். வேகம் பாதியானாலும் மாறாததால் மோட்டாரின் திறன் குறைவு காரணமல்ல. மேலும் ஸ்டெப்பர் மோட்டார் பிடிப்பை இழந்து நழுவினால் நான்கு முழு ஸ்டெப்புகளின் மடங்குகளில்தான் நழுவும். உங்கள் திருகில் அது 0.02 மில்லிமீட்டர். நூறு சுற்றுகளில் ஆறு தாவல்களும் கொசுறும் என்று உங்கள் எண்கள் வரவில்லை, சீராக ஏறுகின்றன. இணைப்பைத் தண்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இந்தச் சீரே இருக்காது.

இனி வகுத்துப் பாருங்கள். 0.125ஐ 100ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.00125 மில்லிமீட்டர். உங்கள் ஒரு மைக்ரோ ஸ்டெப் 0.000625. அதாவது ஒரு சுற்றுக்குத் துல்லியமாக இரண்டு மைக்ரோ ஸ்டெப். 40 கட்டுகளுக்கு ஆரத்தில் 0.05, விட்டத்தில் 0.10. உங்கள் 16.90 இதுவேதான்.

ஏன் இரண்டு? திசை மாறும்போது முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போய்விட்டால், போக வேண்டியது ஒன்று குறைந்து, போகக் கூடாதது ஒன்று கூடுகிறது. ஜிஆர்பிஎல் திசைக் கம்பியின் நிலையை, ஸ்டெப் துடிப்புக்குச் சில நானோ விநாடிகள் முன்புதான் மாற்றுகிறது. டிரைவர்களோ திசைச் சமிக்ஞை ஸ்டெப்புக்குச் சில மைக்ரோ விநாடிகள் முன்பே வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பல டிரைவர்களின் கையேட்டில் 5 மைக்ரோ விநாடி என்றே இருக்கும். டிரைவருக்குள் இருக்கும் ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளியால் கடத்தும் உறுப்பு) ஒளிரத் தொடங்குவதைவிட அணைவதில் மெதுவாக இருப்பது வழக்கம். ஆகவே ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் திசை தாமதமாகிறது, மறு பக்கத்தில் சரியாகப் போகிறது. இரு பக்கமும் தாமதமாகியிருந்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கும், நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு. மைக்ரோ ஸ்டெப்பை நான்கில் ஒன்றாக்கி $100ஐ 800 என்று மாற்றினால், நூறு சுற்றுக்கு நகர்வு 25 கோடாக இரட்டிக்க வேண்டும். அல்லது மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரின் ஒரு சுருளின் இரு கம்பிகளை இடம் மாற்றி, $3இல் அந்த அச்சின் திசையைத் திருப்பினால், நகர்வு வெளிப்பக்கமாக வர வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும்.

தீர்வு எளிது. ஜிஆர்பிஎல்லின் கான்ஃபிக் கோப்பில் 'ஸ்டெப் பல்ஸ் டிலே' என்ற வரி இரட்டைச் சாய்கோட்டால் மறைக்கப்பட்டிருக்கும். சாய்கோட்டை நீக்கி, மதிப்பு 10 என்றே விட்டு, மீண்டும் பலகையில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் $$ கொடுத்து எல்லா அமைப்புகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாமதமும் $0 (ஸ்டெப் துடிப்பின் நீளம்) மதிப்பும் சேர்ந்து 127 மைக்ரோ விநாடியைத் தாண்டக் கூடாது.

ரிச்சி_தெரு (ஞாயிறு, இரவு 10.10)
இரைச்சல் என்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். மீண்டும் ஏற்ற இயலாதவர்கள் $2இல் அந்த அச்சின் ஸ்டெப் துடிப்பைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம். அப்போது டிரைவர் துடிப்பின் முடிவில்தான் நகர்கிறது. $0 மதிப்பு 10 என்றால், திசை நிலைபெற அதே 10 மைக்ரோ விநாடி தானாகக் கிடைத்துவிடும்.

பந்துத்_திருகு (திங்கள், காலை 7.05)
காரணம் இதுவாகவே இருக்கட்டும். ஆனாலும் நீண்ட நோக்கில் பால் ஸ்க்ரூவை விட வேண்டாம் என்பதே என் கருத்து.

அளவுகோல் (திங்கள், காலை 7.40)
இந்தப் பிழையைச் சரிசெய்யாமல் 4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள திருகைப் பொருத்தியிருந்தால், ஒரு மைக்ரோ ஸ்டெப் 0.0025 ஆகியிருக்கும், அதே 40 கட்டுகளில் விட்டம் 0.10க்குப் பதில் 0.40 தவறியிருக்கும். பொருத்த வேண்டுமானால் பிறகு பொருத்தட்டும். வரிசை முக்கியம்.

பழைய_டர்னர் (திங்கள், காலை 9.20)
கணக்கு எனக்கு முழுவதும் விளங்கவில்லை, ஆனால் டயல் கேஜ் வைத்து முதலில் அளந்தது சரியான முறை. தம்பி, புஷ்களைக் கடையும்போது கடைசிக் கட்டுக்கு முன் நிறுத்தி மைக்ரோமீட்டரில் ஒரு முறை பாருங்கள். பித்தளை சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள்.

கடைசல்_புதியவர் (செவ்வாய், அதிகாலை 12.35)
தாமத வரியைச் சேர்த்து ஏற்றினேன். நூறு சுற்றுக்குப் பின் டயல் கேஜ் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. நான்கு புஷ்களும் 17.01, 17.00, 17.00, 16.99. எல்லோருக்கும் நன்றி.

லினக்ஸ்_மேசை (செவ்வாய், காலை 8.50)
மகிழ்ச்சி. நீளவாட்டு அச்சிலும் இதே டிரைவர்தானே? அங்கேயும் நூறு சுற்றுச் சோதனையை ஒரு முறை செய்து, தாமதம் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று எழுத முடியுமா?