தேரூர்க் குளம் எட்சிங்: புதுப்பிப்பு
2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த நம்ம சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தைச் செப்புத் தகட்டில் எட்சிங்காக, அதாவது தகட்டை ரசாயனத்தால் அரித்து அச்செடுக்கும் படமாகப் போடுகிறேன், அசையாத தண்ணீரை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, முதல் அச்சு எடுத்தாயிற்று. தண்ணீருக்குக் கோடே வேண்டாம் என்று சிலர் சொன்னதைத்தான் செய்தேன். ரோசின் என்ற மரப்பிசின் தூளைத் தூவி, அடியில் சூடுகாட்டி ஒட்டவைத்து, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டேன். துகள்களுக்கு இடையே மட்டும் செம்பு அரிக்கப்பட்டு, மைபூசி அழுத்தியதும் மெல்லிய சாம்பல் நிறம் ஒரே சீராக வந்தது, அவ்வளவு அழகு! தாமரை இலைகளின் ஓரத்துக்கு மட்டும் ஊசிக்கோடு. அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால் குளத்துக்குப் பின்னால் வரும் மலையைத் தகட்டில் திருப்பித்தான் வரைந்தேன்.

அப்புறம், நாணலுக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி வைக்கச் சொன்னீர்கள். எனக்கு இந்தப் படம் பறவை இல்லாமல் இருப்பதுதான் பிடித்திருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு தகடு போடுகிறேன்.